‘மீதியை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’: கூச்சமான சுகாதாரப் பாடங்கள் பற்றி ஆசிரியர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று அளப்பது எப்படி?

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம்’ பாடம் நடக்கும்போது கவனித்திருப்பீர்கள். மகரந்தச் சேர்க்கை வரை கணீரென்று ஒலித்த குரல், மனித இனப்பெருக்கம் வந்ததும் தாழ்ந்துபோய், ‘மீதியை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று முடிந்துவிடும். எட்டாம் வகுப்பின் ‘வளரிளம் பருவமடைதல்’ பாடத்துக்கும் பல பள்ளிகளில் இதே கதிதான். ஆனால் அதே ஆசிரியரிடம் ‘மாதவிடாய் பற்றி மாணவர்களுக்குச் சொல்லித்தருவது அவசியம்’ என்று ஒரு படிவத்தை நீட்டிப் பாருங்கள், யோசிக்காமல் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்று டிக் அடித்துக் கொடுத்துவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்வி அவ்வளவுதான் கேட்டது.

எம்.எட்., பிஎச்.டி. மாணவர்கள் தயாரிக்கும் கருவிகளை, அதாவது ஆய்வுக்கான கேள்விப் படிவங்களைப் பார்த்துத் திருத்திக்கொடுக்கும் வேலையில் நான் திரும்பத் திரும்பச் சந்திக்கும் சிக்கல் இது. ஐந்துக்கு நாலரைக்கு மேல் சராசரி வரும், ‘ஆசிரியர்களின் மனப்பான்மை மிகச் சாதகமாக உள்ளது’ என்று ஆய்வு முடிந்துவிடும், வகுப்பில் அந்தப் பாடம் மட்டும் நடக்காது. இந்த இடைவெளியைப் பிடிக்கிற மாதிரி ஒரு கருவியை எப்படி உருவாக்குவது என்பதைத்தான் முதல் படியிலிருந்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு தலைப்பு: ஆண், பெண் இருபாலரும் படிக்கும் அரசுப் பள்ளியில் மாதவிடாய் பற்றிப் பாடம் எடுப்பது. போதைப்பொருள், மனநலம், எச்.ஐ.வி., பாலியல் அத்துமீறல் என்று உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

முதல் படி: ‘நம்பிக்கை’ என்றால் எந்த நம்பிக்கை?

1992இல் பஹாரெஸ் என்ற கல்வி ஆய்வாளர், ஆசிரியர்களின் நம்பிக்கைகள் குறித்த ஆய்வுத் துறையே குழம்பிக் கிடக்கிறது, ஆளுக்கொரு பொருளில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்று விரிவாக எழுதினார். இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அதனால் படிவத்தில் ஆசிரியர் படித்துப் பதில் குறிக்கும் வாக்கியங்களில், அதாவது கூற்றுகளில், ஒன்றுகூட எழுதுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, எதை அளக்கப் போகிறேன் என்று பிரித்து எழுதிவிடுங்கள்.

எங்கள் உதாரணத்தில் நான்கு இழைகள் இருக்கின்றன. இது சொல்லித்தர வேண்டிய விஷயம்தானா என்பது ஒன்று. என்னால் இதை வகுப்பில் எடுத்துவிட முடியுமா என்பது இரண்டு, இதைத்தான் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் தன்திறன் நம்பிக்கை என்று வகுத்தார். நான் எடுத்தால் தலைமையாசிரியர், பெற்றோர், சக ஆசிரியர்கள் என்ன சொல்வார்கள் என்பது மூன்று. நான்காவது, அந்த ஆசிரியரே வளர்ந்த வீட்டிலிருந்து கொண்டுவருவது: தீட்டு, விலக்கு, ‘இதெல்லாம் அம்மா சொல்லித்தர வேண்டியது’ என்கிற எண்ணம்.

முதல் இழையில் எல்லோரும் ‘ஆமாம்’ என்பார்கள், பாடம் நின்றுபோவது மற்ற மூன்றில். மூன்றாவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2005இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது, 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட பல மாநிலங்கள் அதை நிறுத்திவைத்தன. மேலே இருப்பவர்களே பின்வாங்கிய விஷயத்தில், பிரச்சினை வந்தால் தன் பக்கம் யார் நிற்பார்கள் என்று ஒரு கிராமத்து ஆசிரியர் யோசிப்பதில் என்ன தவறு இருக்கிறது?

பாட அறிவை இதோடு கலக்க வேண்டாம். சுழற்சி எத்தனை நாள், கருமுட்டை எப்போது வெளிவரும் என்பதெல்லாம் சரி, தப்பு என்று திருத்தக்கூடியவை. அவை தேவைப்பட்டால் தனித்தாளில் வையுங்கள்.

இரண்டாம் படி: எழுதுவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள்

பெரும்பாலோர் வெளிநாட்டு அளவுகோல் ஒன்றை எடுத்துத் தமிழில் பெயர்த்து, இன்னொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி, ஒத்துப்போகிறது என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். வார்த்தை ஒத்துப்போகும், வாழ்க்கை ஒத்துப்போகாது. மஞ்சள் நீராட்டு விழாவுக்குத் தட்டு வரிசையும் பேனரும் வைக்கும் ஊரில், அதே விஷயத்தை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் ஊரில், அந்தக் கூச்சம் எப்படிப்பட்டது என்று வேறு நாட்டில் எழுதிய கூற்றுக்குத் தெரியாது.

இருபது முப்பது ஆசிரியர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். அறிவியல் ஆசிரியர்கள் மட்டும் போதாது, உடற்கல்வி ஆசிரியர், தமிழாசிரியர், ஆண்கள், பெண்கள், ஓய்வுபெற இரண்டு வருடம் இருப்பவர், போன வருடம் வேலைக்கு வந்தவர் எல்லோரும் வேண்டும். ஒரு செயலை ஒருவர் செய்வாரா என்பதை அவரது மனப்பான்மை, சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு, தன்னால் முடியும் என்ற எண்ணம் ஆகியவற்றை வைத்து விளக்கும் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டை வகுத்த ஐசெக் அய்சன் இந்தக் கட்டத்தில் கேட்கச் சொல்லும் கேள்விகள் எளிமையானவை. இதை வகுப்பில் எடுத்தால் என்ன நன்மை, என்ன தொல்லை? யார் ஆதரிப்பார்கள், யார் எதிர்ப்பார்கள்? எது சுலபமாக்கும், எது தடுக்கும்? பதில்களை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். ‘வயசுக்கு வர்றது’, ‘தூரம்’, ‘வீட்டுக்கு விலக்கு’, ‘பீரியட்ஸ்’, ‘அந்த மூணு நாள்’ என்று எத்தனை பெயர்கள் வருகின்றன, எந்த இடத்தில் பேச்சு நின்று ‘அதான் சார், உங்களுக்கே தெரியுமே’ என்று மாறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கூற்றுகள் இந்த நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் வர வேண்டும்.

மூன்றாம் படி: கூற்று எழுதுவது

இங்கே நேரம் செலவழியுங்கள், வேறெங்கே மிச்சம் பிடித்தாலும் இங்கே வேண்டாம்.

ஒவ்வொரு கூற்றிலும் நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அய்சனின் இன்னொரு அறிவுரை: யாரிடம், என்ன செயல், எந்தச் சூழலில், எப்போது. ‘மாதவிடாய் பற்றிப் பேச எனக்குத் தயக்கம் இல்லை’ என்ற கூற்றில் இந்த நான்கில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. அதன் விளைவை நான் நேரில் பார்த்தேன். ஒரு ஆசிரியை அந்தக் கூற்றுக்கு ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்று குறித்தார். டிக் அடிக்கும்போது என்ன நினைத்தீர்கள் அம்மா, ஒரு தடவை சொல்லுங்களேன் என்றேன். ‘எனக்கென்ன தயக்கம்? பசங்களை விளையாட கிரவுண்டுக்கு அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, பிள்ளைங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்’ என்றார். அவர் சொன்னது உண்மை, குறித்ததும் நேர்மை. ஆனால் நாங்கள் அளக்க நினைத்தது இருபாலர் வகுப்பை, அவர் பதில் சொன்னது கதவு சாத்திய வகுப்புக்கு. அன்றைக்கே கூற்றை மாற்றினோம்: ‘இந்தக் கல்வியாண்டில், மாணவர்களும் மாணவியரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்பில், மாதவிடாய் ஏன் ஏற்படுகிறது என்பதை என்னால் விளக்க முடியும்.’ நீளம்தான், பரவாயில்லை.

தன்திறன் பற்றிய கூற்றுகளுக்குப் பண்டூரா 2006இல் எழுதிய வழிகாட்டுதல் இன்னும் நல்ல துணை. ‘செய்வேன்’ என்று கேட்காதீர்கள், ‘செய்ய முடியும்’ என்று கேளுங்கள், ஏனென்றால் முதலாவது விருப்பத்தைக் கேட்கிறது, இரண்டாவது திறனைக் கேட்கிறது. அப்புறம், கூற்றுகளை ஏணிப்படி மாதிரி அடுக்குங்கள், எளிதிலிருந்து கடினத்துக்கு. எங்கள் ஏணி இப்படி இருந்தது: கரும்பலகையில் கருப்பையின் படம் வரைந்து பாகம் குறிப்பது, மாணவியரிடம் மட்டும் நாப்கின் பயன்பாட்டை விளக்குவது, இருபாலர் வகுப்பில் ‘மாதவிடாய்’ என்ற சொல்லைக் குரல் தாழ்த்தாமல் சொல்வது, ஒரு மாணவன் சிரித்தாலும் பாடத்தைத் தொடர்வது, ‘கோயிலுக்கு ஏன் போகக் கூடாது?’ என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால் பதில் சொல்வது. மறுநாள் ஒரு பெற்றோர் வந்து சத்தம் போட்டால் நிதானமாக எடுத்துச் சொல்வது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து 100 வரை பத்துப் பத்தாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போடுவது கைவந்த வேலை, அதனால் இந்த முறை அவர்களுக்கு உடனே பிடிபடுகிறது. ஒருவரின் மதிப்பெண் எந்தப் படியில் சடாரென்று விழுகிறதோ, அங்கேதான் அவருக்குப் பயிற்சி வேண்டும்.

மற்ற மூன்று இழைகளுக்கும் லிக்கர்ட் வகை ஐந்து புள்ளிகள், அதாவது ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் உடன்படவில்லை’ வரை ஐந்து கட்டங்கள், போதும். சில எச்சரிக்கைகள் மட்டும். ஒரே கூற்றில் இரண்டு விஷயத்தைக் கட்டாதீர்கள். ‘மாதவிடாயும் பாலியல் கல்வியும் அவசியம்’ என்றால், முதலாவதை ஏற்று இரண்டாவதை மறுப்பவர் என்ன செய்வார்? அடுத்தது, எதிர்மறைக் கூற்று. ஆய்வுமுறைப் பாடப்புத்தகங்கள் பாதிக் கூற்றை எதிர்மறையாக எழுதச் சொல்லும். தமிழில் ‘இது பள்ளியில் பேசத்தக்கது இல்லை’ என்பதற்கு ‘உடன்படவில்லை’ என்று பதில் சொல்ல வேண்டி வந்தால், இல்லைக்கு இல்லை சேர்ந்து, மதிய வெயிலில் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் தலைகீழாகக் குறித்துவிடுகிறார். எதிர்க்கருத்து வேண்டுமானால் அதை ‘இல்லை’ இல்லாமல் எழுதுங்கள்: ‘இதைத் தாய்தான் சொல்லித்தர வேண்டும்’, ‘இதைப் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்’. இப்படி எழுதினால் இன்னொரு பலனும் உண்டு. அந்தக் கருத்து உள்ளவர், தன் மனதில் இருப்பதை யாரோ மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் என்று உணர்ந்து ஒளிக்காமல் குறிப்பார். ‘பிற்போக்கான எண்ணங்கள்’, ‘மூடநம்பிக்கை’ மாதிரிச் சொற்கள் படிவத்தில் எங்கும் வரக்கூடாது.

‘நடுநிலை’ என்ற நடுப் புள்ளி தப்பி ஓடும் வாசல். அதை எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். நான் எடுக்கமாட்டேன், ஆனால் ‘இதுவரை யோசித்ததில்லை’ என்று தனியாக ஒரு கட்டம் வைப்பேன். உண்மையிலேயே யோசிக்காதவரும் பதிலை மறைப்பவரும் ஒரே இடத்தில் விழாமல் இருக்க அது உதவும்.

நான்காம் படி: வல்லுநர்கள், பிறகு வாய்விட்டு யோசிக்கச் சொல்வது

நாற்பது கூற்று எழுதினால் இருபதுதான் நிற்கும். முதலில் எட்டுப் பத்து வல்லுநர்களிடம் கொடுங்கள். கல்வியியல் பேராசிரியர்கள் மட்டுமே வேண்டாம், ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு கிராம சுகாதார செவிலியர், பல வருடம் இந்தப் பாடம் எடுத்த ஒரு ஆசிரியர் இருக்கட்டும். ஒவ்வொரு கூற்றும் ‘இன்றியமையாதது’தானா என்று கேளுங்கள். 1975இல் லாஷி தந்த கணக்கு சுலபமானது: இன்றியமையாதது என்றவர் எண்ணிக்கையிலிருந்து மொத்தத்தில் பாதியைக் கழித்து, அதே பாதியால் வகுங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் என்றால் ஒன்பதிலிருந்து ஐந்து போக நான்கு, ஐந்தால் வகுத்தால் 0.8. பத்து வல்லுநர்களுக்கு 0.62க்குக் கீழே போனால் நீக்கிவிடலாம்.

அதன் பிறகு ஏழெட்டு ஆசிரியர்களோடு ஒவ்வொருவராக உட்கார்ந்து, கூற்றைப் படித்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லியபடியே குறிக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன கிரவுண்டு விஷயம் வெளிவந்தது இங்கேதான். பல ஆய்வுகளில் இந்தப் படியே கிடையாது, எனக்கு அதில் மிகுந்த வருத்தம். இரண்டு நாள் வேலை, ஆனால் ஆல்பாவும் (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்) காரணிப் பகுப்பாய்வும் (எந்தெந்தக் கூற்றுகள் ஒரே குழுவாகச் சேருகின்றன என்று பார்க்கும் கணக்கு) காட்டாத ஓட்டையை இது காட்டிக்கொடுக்கும்.

ஐந்தாம் படி: யாருக்கும் தீங்கு வராமல்

உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல், கல்வித் துறை அனுமதி இரண்டும் வாங்கிவிடுங்கள். அது தெரிந்ததுதான், தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு.

பாலியல் அத்துமீறல் உங்கள் தலைப்பில் வந்தால், ‘உங்கள் மாணவர் யாராவது இப்படி உங்களிடம் சொன்னதுண்டா?’ என்று போகிற போக்கில் கேட்டுவிடாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரியவந்த எவரும் புகார் செய்ய வேண்டும் என்கிறது. 21ஆம் பிரிவு, செய்யாதவருக்குத் தண்டனை சொல்கிறது. அந்த ‘எவரும்’ என்பதில் ஆசிரியரும் வருகிறார், நீங்களும் வருகிறீர்கள். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இப்படி ஒரு பதிலைக் கையில் வாங்கினால் என்ன செய்வீர்கள்? அதனால் நடந்ததைக் கேட்காமல் கற்பனைச் சூழலைக் கொடுங்கள்: ‘ஒரு மாணவி வகுப்பு முடிந்து தயங்கித் தயங்கி வந்து, மாமா தொடுவது பிடிக்கவில்லை என்கிறாள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவு இருக்கிறது.’ படிவத்தின் கடைசிப் பக்கத்தில் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அச்சிடுங்கள்.

இன்னொன்று, பெயர் எழுதாமல் விட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைப்பது. ஒரு ஒன்றியத்தில் ‘பெண், 52 வயது, உயிரியல், இந்தப் பள்ளி’ என்றால் அது யார் என்று அந்த ஒன்றியம் முழுக்கத் தெரியும். வயதைப் பத்து வருட இடைவெளியாகக் கேளுங்கள், பள்ளிப் பெயரைக் குறியீடாக மாற்றுங்கள், பகுப்பாய்வுக்குத் தேவைப்படாத விவரத்தைக் கேட்கவே வேண்டாம்.

ஆறாம் படி: களத்தில்

ஒரே இடத்தில் நிறைய ஆசிரியர்கள் கிடைப்பார்கள் என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் படிவம் கொடுப்பது வழக்கம். ஒரே பெஞ்சில் நான்கு பேர், ‘டீச்சர், நீங்க என்ன போட்டீங்க?’ என்று எட்டிப் பார்த்துப் பார்த்து நிரப்புவார்கள், கடைசியில் ஹெச்.எம். எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி உங்களிடம் தருவார். அந்தத் தாள்களில் நீங்கள் பார்ப்பது கூட்டத்தின் பதிலைத்தான். கூற்று வரிசை மாறிய மூன்று பதிப்புகள் அச்சடியுங்கள், உறை கொடுங்கள், பூட்டிய பெட்டியில் அவர்களே போடட்டும். கூகுள் ஃபார்ம் என்றால் மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிடுங்கள், அதிகாரிகள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ‘இன்று மாலைக்குள் அனைவரும் நிரப்பவும்’ என்று யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? கூற்றுக்குப் பத்துப் பேர் என்பது ஒரு தோராயமான விதி, 20 கூற்றுக்கு 200 பேர். ஒரே பள்ளியின் ஆசிரியர்கள் ஒரே மாதிரி யோசிப்பார்கள் என்பதால், பத்துப் பள்ளியில் பள்ளிக்கு இருபது பேர் எடுப்பதைவிட அறுபது பள்ளியில் பள்ளிக்கு மூன்று நான்கு பேர் எடுப்பது மேல்.

அப்படியும், கேட்பவருக்குப் பிடிக்கும் என்று குறிக்கும் நல்ல பிள்ளைப் பதில்கள் வரும். அவற்றை மட்டுப்படுத்த நாணய முறை ஒன்று இருக்கிறது, 1965இல் ஸ்டான்லி வார்னர் முன்வைத்த யோசனையின் எளிய வடிவம். ‘போன வருடம் இந்தப் பாடத்தை எடுக்காமல் விட்டேன்’ என்பது கூற்று. ஆசிரியர் யாருக்கும் காட்டாமல் நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் ‘ஆம்’, பூ விழுந்தால் உண்மையான பதில். தனி ஒருவரின் ‘ஆம்’ எதையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் 200 பேரில் 140 ‘ஆம்’ வந்தால், சுமார் 100 நாணயம் சொன்னவை, மீதி 40 உண்மை, ஆகவே பூ விழுந்த 100 பேரில் 40 பேர், அதாவது ஏறக்குறைய 40 சதவீதம் பாடத்தை விட்டிருக்கிறார்கள். இதை எல்லாக் கூற்றுக்கும் வைக்காதீர்கள், மிகவும் கூச்சமான ஒன்றிரண்டுக்கு மட்டும். பெரிய எண்ணிக்கையில் ஆட்கள் இருந்தால்தான் கணக்கும் நிற்கும்.

ஏழாம் படி: கணக்கு

சராசரிக்கு ஓடாமல் முதலில் ஒவ்வொரு கூற்றின் பரவலைப் பாருங்கள். எல்லோரும் ஐந்தில் குவிந்திருக்கும் கூற்று எவ்வளவு அழகாக இருந்தாலும் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது, எடுத்துவிடுங்கள். தன் இழையின் மொத்த மதிப்பெண்ணோடு 0.3க்கும் குறைவான ஒட்டுறவு (correlation) உள்ள கூற்றுகளையும் சந்தேகப்படுங்கள். குரோன்பாக் ஆல்பா 0.7ஐத் தாண்டினால் சரி என்று விட்டுவிடுகிறார்கள், ஆனால் ஆல்பா உயர்ந்திருப்பதால் மட்டும் கூற்றுகள் ஒரே விஷயத்தை அளக்கின்றன என்று ஆகிவிடாது, 0.95ஐத் தாண்டினால் ஒரே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறீர்கள் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். நான்கு இழைகளுக்கும் ஆல்பாவைத் தனித்தனியாகப் போடுங்கள். நான்கையும் கூட்டி ‘மொத்த நம்பிக்கை மதிப்பெண்’ என்று ஒரு எண் தயவுசெய்து வேண்டாம், அவசியம் என்று நம்பி ஊருக்குப் பயப்படுபவரும், பயமில்லாமல் அவசியமில்லை என்பவரும் அதில் ஒரே எண்ணாகிவிடுவார்கள். நான்கு இழைகள் நிஜமாகவே பிரிகின்றனவா என்று காரணிப் பகுப்பாய்வில் பார்த்துவிட்டு, அதே அமைப்பை வேறொரு கூட்டத்து ஆசிரியர்களிடம் உறுதிசெய்யுங்கள். ஆண், பெண் ஒப்பிடும் முன் கூற்றுகள் இருவருக்கும் ஒரே பொருளில் படுகின்றனவா என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஏற்புடைமைக்கு, அதாவது அளக்க நினைத்ததைத்தான் கருவி அளக்கிறதா என்று பார்க்க, எனக்குப் பிடித்த சோதனை தெரிந்த குழுக்களை ஒப்பிடுவது. ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் 2020இல் வந்தபோது பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை, முடிந்தவரை ஒரு ஆண், ஒரு பெண் என்று, நலத் தூதர்களாகத் தேர்ந்து பயிற்சி தரச் சொன்னது. அப்படிப் பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் உங்கள் தன்திறன் ஏணி பிரித்துக் காட்டுகிறதா? அதைவிட நேரடியானது, பாடக்குறிப்பேட்டில் அந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அனுமதியோடு பார்ப்பது. ஏணியில் மேலே நிற்பவர் ஒரே பாடவேளையில் முடித்திருந்தால் உங்கள் ஏணியைத் திரும்பப் பாருங்கள், ஆசிரியரைச் சந்தேகிப்பது அப்புறம்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளக்கிறீர்கள் என்றால்

ஒரு விஷயம் பலரைக் கலங்கடிக்கும். நல்ல பயிற்சி கொடுத்து முடித்தபின் தன்திறன் மதிப்பெண் ஏறாமல் இறங்கும். பயிற்சிக்கு முன் 80 போட்டவருக்கு, பையன் சிரித்தால், பெற்றோர் வந்தால், பிள்ளை அழுதால் என்று என்னென்ன வரும் என்பதே தெரிந்திருக்காது. பயிற்சியில் அதையெல்லாம் பார்த்தபின் நேர்மையாக 60 போடுகிறார். அவர் வளர்ந்திருக்கிறார், அளவுகோலின் பொருள் அவர் மனதில் மாறியிருக்கிறது, எண் மட்டும் கீழே போகிறது. இதற்காகப் பயிற்சி முடிந்த அன்று ஒரே தாளில் இரண்டு பத்தி கொடுங்கள்: ‘இப்போது எவ்வளவு முடியும்?’, பக்கத்தில் ‘இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால், பயிற்சிக்கு முன் உண்மையில் எவ்வளவு முடிந்திருக்கும்?’ முன்பு 80 போட்டவர்கள் இரண்டாவது பத்தியில் 30 என்று எழுதிய தாள்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து, எட்டாம் வகுப்பில் அந்தப் பாடம் முடிந்த வாரத்தில், அதே ஏணியை இன்னொரு தடவை கொண்டுபோய்க் கொடுங்கள்.